பட்டியலில் பாதிப் பேர்

வைட்ஃபீல்ட்
9 ஜூன் 2025

அன்புள்ள மமதாவுக்கு,

நலமா? என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், மெயிலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் உன் வீட்டு முகவரிக்கு இந்தக் கடிதம்.

என் மகள் ஸ்னேஹா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் நுழைவுத் தேர்வு எழுதினாள். அவள் காப்பியடித்ததாக மென்பொருள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம் கம்பெனி மென்பொருள்தான், நீயும் நானும் சேர்ந்து செய்தது. சீட் போய்விடும். அவள் காப்பியடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பக்கம் கணக்கு எழுதிக் காட்டினாயே, அதைத் திரும்ப எழுதித் தருவாயா? உன் பெயர், என் பெயர், தேதி எதுவும் வேண்டாம். இருபதாம் தேதிக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஞானசேகரன்


ஒக்கலிபுரம்
13 ஜூன் 2025

ஞானசேகரன் சாருக்கு,

நலம்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பழையதை மனதில்தான் வைத்திருக்கிறேன், வேறெங்கே வைப்பது?

"எனக்குத் தெரியும்" என்கிறீர்கள். நம் மென்பொருளை வைத்து நடந்த முதல் தேர்வு முடிந்ததும் இப்படியே எழுதிய அப்பாக்களின் மனுக்களையெல்லாம் பிரித்துப் படித்தவள் நான். அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மறந்திருப்பீர்கள், சொல்கிறேன். பத்தாயிரம் பேர் எழுதுகிறார்கள், அதில் நூறு பேர் காப்பியடிக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த நூறில் தொண்ணூற்றொன்பது பேரை மென்பொருள் பிடித்துவிடும். சந்தோஷம். மீதி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் நேர்மையாக எழுதியவர்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடித்தாலே தொண்ணூற்றொன்பது பேர் ஆகிவிடுகிறது. ஆக, பட்டியலில் பாதிப் பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள்.

"மமதாவுக்கு ஃபார்முலா வரும், ஃபீல் வராது. தொண்ணூத்தொம்பது பர்சென்ட் கரெக்ட்னா கரெக்ட்தான், இதுக்கு எதுக்கு ஒரு பக்கம்?" என்றீர்கள். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்தே நாளில் என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். உள்ளுணர்வு எனக்கும் இருந்தது சார். மனுக்களைப் படிக்கும்போதே எங்கேயோ இடித்தது. இடித்ததை எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக எழுதித் தர மாட்டேன். அந்தப் பழைய தாளே என்னிடம் இருந்தது. ஓரத்தில் "பார்த்தேன். தேவையில்லை" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறீர்கள். இன்று காலை அதை ஸ்னேஹா பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். மேல்முறையீடு அவள் பெயரில்தானே? கொடுப்பதும் கிழிப்பதும் அவள் இஷ்டம்.

மமதா


வைட்ஃபீல்ட்
4 ஜூலை 2025

மமதா,

அவள் கொடுத்துவிட்டாள். பட்டியலில் இருந்த எல்லோரையும் மறுபடி விசாரிக்கிறார்கள். ஸ்னேஹாவுக்கு சீட் கிடைத்துவிட்டது. என்னைக் கம்பெனி சஸ்பெண்ட் செய்திருக்கிறது. அது போகட்டும்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "புரியலன்னா எதுக்குப்பா தேவையில்லைன்னு எழுதினீங்க?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். நீ சொன்னால் கேட்பாள். அப்பா வேண்டுமென்றே செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஞானசேகரன்


ஒக்கலிபுரம்
8 ஜூலை 2025

சார்,

ஸ்னேஹா நேற்று டியூஷனுக்கே வந்து நன்றி சொன்னாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "எங்கப்பா வேணும்னே செஞ்சாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

நீங்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. அது எனக்கு நன்றாகவே புரியும். அவளிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

மமதா