எந்தப் பக்கத்துப் பால்கனி

லாமொன்ட்வில், டர்பன்
அக்டோபர் 9

அன்பு மகள் நோக்வாண்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், உன் அப்பா, ஏழு கோழிகள். அங்கே நீயும் ஹெலியோவும் என் தங்கம் செல்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் மெதுவாகப் பேசினால் உன் அப்பாவுக்குச் சந்தேகம் வருகிறது, சத்தமாகப் பேசினால் எல்லாமே கேட்கிறது. இதைப் பக்கத்து வீட்டு மாசெலேயின் தங்கை கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் மாதம் ஒருமுறை துணி வாங்க உங்கள் ஊர் மபூட்டோவுக்குப் பஸ் ஏறுகிறாள். படித்ததும் பத்திரமாக வை.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் நானும் அப்பாவும் உல்லாசக் கப்பலில் போகிறோம். சிரிக்காதே. நாற்பதாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், கப்பல் என்றேன். முப்பத்தைந்து வருஷம் இழுவைக் கப்பலை ஓட்டிப் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்த்தவர், ஒன்றில்கூடப் பயணியாக ஏறியதில்லையே என்று ஒரு பாட்டம் அழுதும் காட்டினேன். முனகிக்கொண்டே சரி என்றார். அந்தக் கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மபூட்டோவில் நிற்கும் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. நோட்டீஸில் சின்ன எழுத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

அவர் மனசு உனக்குத் தெரியும். ஹெலியோ வீட்டுப் பெரியவர்கள் முறைப்படி நம் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, நம் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெண் கேட்டுப் பேசும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார். அந்தப் பையனுக்கு அப்படி அனுப்பப் பெரியவர் யாரும் உயிரோடு இல்லை என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நீயோ ஹெலியோவை விட்டுவிட்டு இங்கே வரமாட்டேன் என்கிறாய். இரண்டு பேரும் ஒரே மரத்துக் கட்டை. நடுவில் செல்மாவுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது, தாத்தா அவளைப் பார்த்ததே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை மகளே.

அதனால் ஒரு வழி யோசித்தேன். அவர் உன் வீட்டுக்கு வர வேண்டாம், கப்பலை விட்டு இறங்கக்கூட வேண்டாம். நாங்கள் பால்கனியில் உட்கார்ந்திருப்போம். நீங்கள் மூன்று பேரும் கீழே துறைமேடையில் நில்லுங்கள். ஹெலியோ அங்கேயே கிரேன் ஓட்டுகிறவன்தானே, உங்களை உள்ளே அழைத்துவர அனுமதிச் சீட்டு வாங்க மாட்டானா? கண்ணால் பார்த்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். இதற்கு ஒன்றே ஒன்று சரியாக அமைய வேண்டும், பால்கனி துறைமேடை இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும்.

அறை பிடிப்பதில் மாசெலே பெரிய பண்டிதை, நாலு தடவை போய் வந்தவள். போன வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து, கூட்டத்துச் சீருடையான சிவப்புச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து, கப்பலின் வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பிரசங்கமே பண்ணிவிட்டாள். முன்பக்கம் எடுத்தால் குடல் வாய்க்கு வருமாம். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியும் முன்பே தலைக்கு மேல் நாற்காலி இழுப்பார்களாம். லிஃப்ட் பக்கத்தில் எடுத்தால் குடித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் நம் கதவைத்தான் தட்டுவார்களாம். மேலேயும் அறை, கீழேயும் அறை, நடுக் கப்பல், அதுதான் நல்ல இடம் என்றாள். அதன்படி பன்னிரண்டாவது தளத்தில் நட்டநடுவில் ஒன்று பிடித்தாயிற்று.

பக்கம் மட்டும் நானே யோசித்து எடுத்தேன். அப்பாவிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கப்பல் இங்கிருந்து வடக்கே போகிறது, கரை இடது கைப்பக்கம் வரும், மபூட்டோ கரையில்தான் இருக்கிறது. ஆகவே இடது பக்கம். உன் அம்மாவைப் பற்றி என்ன நினைத்தாய்? கப்பல்காரன் பெண்டாட்டி இல்லையா நான்.

ஹெலியோவிடம் இப்போதே சொல்லிவை. செல்மாவுக்கு ஆயிரம் முத்தம்.

உன் அம்மா


லாமொன்ட்வில்
நவம்பர் 6

அன்பு மகளுக்கு,

போன கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அதில் எழுதியிருந்தது அத்தனையும் தப்பு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை டிக்கெட் போட்டுக்கொடுத்த பெண் தேஷ்னி போன் பண்ணினாள். எடுத்ததுமே, மா, உங்களுக்கு இது சம்மதம்தானா என்று கேட்டாள். எது என்றேன். உன் அப்பா முந்தின நாள் என்னிடம் மூச்சுவிடாமல் அவள் கடைக்குப் போய் அறையை மாற்றிவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டாவது தளத்திலிருந்து ஐந்தாவது தளத்துக்கு. அதற்குக் கீழே பால்கனியே கிடையாதாம். ஒரு பக்கம் உயிர்காப்புப் படகு தொங்கிப் பாதிக் கடலை மறைக்குமாம், கீழே சமையற்கட்டு, பாத்திரம் உருட்டுகிற சத்தம் வருமாம். இந்த அறையை யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை மா என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, அது வலது பக்கம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலது பக்கம் என்றால் திறந்த கடல். நீங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம் நிற்க, நாங்கள் மறுபக்கம் அலையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்பாவிடம் போய், எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்டேன். செய்தித்தாளை இறக்காமலே, கீழே இருந்தால் ஆட்டம் குறைவு என்றார். கடலிலேயே கிழவனானவருக்கு ஆட்டமாம். மாசெலே வந்து, என் பேச்சைக் கேட்காமல் சமையற்கட்டுக்கு மேலே போய்ப் படுக்கிறீர்களா, விடியவிடிய வெங்காயம் மணக்கும் என்று திட்டினாள். அவர் கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நம் திட்டம் தெரிந்துபோய், உங்களைப் பார்க்கக்கூடாது என்றே மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அந்த மனிதரை வெறுத்தேன்.

சனிக்கிழமை அவர் கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு தாள் இருந்தது. கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று போட்டிருக்கிற அட்டவணை. அவருக்கு அது ஜெபப்புத்தகம் மாதிரி, ஓய்வு பெற்ற பிறகும் வருஷாவருஷம் வாங்குவார். ஆனால் அது டர்பன் தாள் இல்லை. மபூட்டோ தாள். நாங்கள் வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமையைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். தாளை எடுத்து மடித்து வைத்தார். அப்புறம் என் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கோபம் இல்லாதபோதுதான் அப்படிக் கூப்பிடுவார்.

"மாசிபியா, இத்தன வருஷம் என் சட்டைல எண்ணெய்க் கறை தொவச்சிருக்க. கப்பல் எப்புடி உள்ள போவுதுன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா? வடக்க போறப்ப கரை இடது பக்கந்தான். ஆனா மபூட்டோவுக்கு மேக்க திரும்பி ஆத்து வாய்க்குள்ள நொழையணும். அப்ப ஊரு வலது பக்கம் வந்துரும்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு இன்னும் சொன்னார். அதுவும் நிச்சயம் இல்லையாம். நீர் ஏறுகிற நேரமாக இருந்தால் கப்பலைச் சுற்றித் திருப்பிக் கட்டுவார்களாம், அப்போது இடது பக்கம் மேடையில் வந்துவிடும். எதிர்த்து வரும் தண்ணீரில்தான் கப்பல் சொன்ன பேச்சு கேட்கும் என்றார். அதனால்தான் தாளைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வடிகிறது. கப்பல் மூக்கு உள்பக்கம், வலது கை துறைமேடையில்.

உங்களுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்டேன். மாசெலே வாய்தான் உளறிவிட்டது என்று நினைத்தேன். அவர் சிரித்தே விட்டார். பீச்சில் கால் நனைக்கவே பயப்படுகிற பெண்டாட்டி, இருக்கிற கப்பலை எல்லாம் விட்டுவிட்டு மபூட்டோ போகிற கப்பலைப் பார்த்து ஆசைப்பட்டால், எதற்கு என்று தெரியாமல் இருக்க நான் என்ன கட்டையா என்றார். நான் அழுது காட்டிய அன்றைக்கே தெரியுமாம். அத்தனை நாளும் என்னை நடிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார் உன் அப்பா.

அவசரப்பட்டு சந்தோஷப்படாதே. அப்போதும் தன் பிடியை விடவில்லை.

"அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னேன், மிதிக்க மாட்டேன். கப்பல்ல உக்காந்து கரையப் பாக்குறதுக்கு எவன் முறை பேச வரப்போறான்?"

ஹெலியோவைப் பற்றிக் கேட்டேன். ஒரு துறைமுகத்து ஆள் கை காட்டினால் இன்னொரு துறைமுகத்து ஆள் பதிலுக்குக் கை காட்டாமல் இருக்க முடியாது, அது தொழில் மரியாதை, சம்பந்தி மரியாதை இல்லை என்றார். எந்த கிரேன் ஓட்டுகிறான், எத்தனை டன் தூக்கும் என்று பிறகு மெதுவாக விசாரித்தார். எனக்கு எங்கே தெரியும்? ஹெலியோவிடம் கேட்டு எழுதி அனுப்பு. இன்னொன்று. அந்த அறையிலிருந்து பத்து அடி நடந்தால் இறங்குகிற படிக்கட்டுக்குப் போகும் வழி என்று தேஷ்னி சொன்னாள். அதைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வலது பக்கம் சரி, பன்னிரண்டாவது தளத்திலேயே வலது பக்கம் எடுத்திருக்கலாமே, எதற்கு இந்தச் சமையற்கட்டுச் சத்தம் என்று கேட்டேன். எழுந்து போய்த் தேநீர் குடித்த கோப்பையைத் தானே கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அவ்ளோ மேலேருந்து பாத்தா புள்ளைங்களோட உச்சந்தலைதான் தெரியும். மொகம் தெரியாது."

நான் அழுதேன் மகளே. இந்தத் தடவை காட்டுவதற்காக இல்லை.

ஆகவே கவனமாகக் கேள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். கப்பலில் ஆரஞ்சு நிறப் படகுகள் வரிசையாகத் தொங்கும். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது படகுக்கும் நான்காவது படகுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எங்கள் பால்கனி. மேடையைப் பார்க்கும்போது அந்தப் படகு மறைக்காது, அதையும் அவர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டார். அதற்கு நேர் கீழே நில்லுங்கள். ஹெலியோ பின்னால் ஒளிந்து நிற்க வேண்டாம், முன்னால் நிற்கட்டும், முதலில் அவன் கை காட்டட்டும். நீயும் அன்றைக்கு ஒருநாள் உன் வீம்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வா. அவர் பாதி தூரம் வந்துவிட்டார், மீதி எவ்வளவு என்று கணக்குப் பார்க்காதே.

கடவுளும் நம் முன்னோர்களும் உங்கள் மூவரையும் காக்கட்டும். அங்கே நவம்பர் வெயில் காலையிலேயே கொளுத்தும் என்று தெரியும். கொஞ்சம் கறுத்தாலும் பரவாயில்லை, செல்மாவுக்குத் தொப்பி போட்டு மட்டும் கூட்டி வராதே.

உன் அம்மா