மலைக்காற்றுக்கு எடுத்த டர்போ

மாப்ளே,

இன்று காலை பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று என் பட்டறை வாசலில் நின்றது. முன்மூடியைத் தூக்கியதும், சூடான இரும்பில் எண்ணெய் கருகும் அந்த வாடை முகத்தில் அடித்தது. எஞ்சினுக்குள் காற்றை அள்ளித் திணிக்கிற டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்திருந்தது. காய்கறி லாரிக்குக்கூட இப்போது டர்போ வந்துவிட்டது, கேட்டாயா? இரண்டே இரண்டு டர்போவுக்காக நாம் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளில் நாயாய் அலைந்தோம். "என்னண்ணே, மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க?" என்றார் டிரைவர். "பொகைதான், வேறென்ன?" என்று எரிந்து விழுந்தேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

செண்பகனூர் வளைவில் என் பட்டறை. அப்போதெல்லாம் எதிரே நிழலில் உன் வாடகைக் கார் நிற்கும். ஊருக்கு நீ டாக்ஸி டிரைவர். ஆனால் உன் உயிர் முழுக்க அந்த ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. சீமைக்கே திரும்பிப் போன எஸ்டேட் துரை, அத்தனை வருஷம் தனக்கு வண்டி ஓட்டிய உனக்கே விட்டுவிட்டுப் போன இரண்டு கதவு, ஆறு சிலிண்டர் வண்டி. கோழி ஏறி முட்டையிடும்படி ஓடாமல் கிடந்த அதை நாம் ஓட வைத்தோம். மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக, எங்கிருந்தோ கிடைத்த இரண்டு பொடி டர்போக்களையும் மாட்டினோம். அவை பேருக்கு விசிலடித்தன, அவ்வளவுதான்.

மெட்ராஸில் பந்தயக் கார்கள் வைத்திருந்த ஒரு முதலாளி கொடைக்கானல் சீசனுக்கு வந்து உன் டாக்ஸியில் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் உன் கையைப் பார்த்துச் சொக்கிப் போனார். "உன் வண்டியோட பந்தயத்துக்கு வா. ஒழுங்கா ஓட்டிக் காட்டினா என் டீம்ல டிரைவரா எடுத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து உன் கால் தரையில் பாவவில்லை. நல்ல டர்போ தேடி நாம் கிளம்பியது அதற்காகத்தான்.

கோயம்புத்தூரில் கடைசியாக ஏறிய கடையில் சாக்கை விரித்து இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று சிறியது. இன்னொன்று அணை கட்ட வந்த வெளிநாட்டு எந்திரங்களில் கழற்றியது, உரித்த தேங்காய் அளவு. நீ சின்னதைத் தூக்கி, விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாய்.

"இது போதும்ப்பா. அமுக்குன ஒடனே இழுக்கணும். பெருசு சுத்தி எந்திரிக்கிறதுக்குள்ள வளைவு தாண்டிப் போயிரும்."

"ஏலே, நம்ம ஊரு காத்து சவலைக் காத்து. ஏழாயிரம் அடியில அதுல என்ன கெடக்கு? பெரிய வாயா இருந்தாத்தான் அள்ளும்."

"பந்தயம் கீழயில்ல நடக்குது?"

"மேல ஏறுற வண்டி கீழ பறக்கும்லே! நான் மெக்கானிக்கா, நீ மெக்கானிக்கா?"

நீ சிரித்தாய். "நீ சொன்னாச் சரிதான். எனக்கு ஸ்டீயரிங்குதான் தெரியும்" என்று சின்னதைச் சாக்கின் மேல் வைத்துவிட்டாய். நீ கேட்ட அந்த ஒரு கேள்விதான் சரியான கேள்வி. அதை நான் ஈயை ஓட்டுவது போல ஓட்டினேன்.

காற்று மிஞ்சினால் திறந்துவிடுகிற கதவெல்லாம் அந்த டர்போக்களில் கிடையாது. அள்ளியதை எல்லாம் எஞ்சினுக்குள் திணிக்கும். அதனால் அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருந்தது. நாம் வெள்ளனே எழுந்து பூம்பாறை சாலையில் ஓட்டிப் பார்த்தோம். பெரிய டர்போ தாமதமாகத்தான் எழுந்தது, ஆனால் எழுந்தபின் அந்த ஏற்றத்தில் என்ன ஓட்டம்! பூண்டு வயல்காரர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நீ கூச்சல் போட்டாய். நான் பெருமையில் வீங்கினேன்.

மெட்ராஸ் போகும் வழியில், மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டியதுமே வண்டி வேறு மாதிரி இழுத்தது. "ஏ, என்னமா இழுக்குது பாரேன்!" என்றாய். உள்ளே சன்னமாக ஒரு டக்டக் சத்தம். நீ காதைச் சாய்த்தாய். நான், "ரோட்டுல சல்லி தெறிக்குதுப்பா" என்றேன்.

பயிற்சி ஓட்டத்தில் இரண்டு சுற்றுகள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். மூன்றாவது சுற்றில் பெரிய வெடிச்சத்தம், அப்புறம் வெள்ளைப் புகை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். "மலை டிரைவருக்குக் கால் கனம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சே எஞ்சினைத் தின்னுட்டான். இவன் நமக்கு ஆகாது" என்று நம் முன்னாலேயே சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். எதனால் போனது என்று எனக்கு அப்போது உண்மையிலேயே தெரியாது. நானும் உன் காலைத்தான் பார்த்தேன்.

ஊருக்கு வந்து எஞ்சினைப் பிரித்தேன். பிஸ்டன்களின் தலையில் உருகிய ஓட்டைகள். அப்போதும் புத்தி வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மதுரைக் குடும்பத்தின் கார் புகை கக்கிக்கொண்டு வந்தது. சீசனில் எத்தனை வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன்! கார்புரேட்டரில் பெட்ரோலை மலைக்காற்றுக்குத் தக்கபடி குறைத்து வைத்துவிட்டு, வழக்கம் போலச் சொன்னேன்: "கீழ போன ஒடனே பழையபடி வெச்சிருங்க சார். அங்க காத்து கெட்டி. மறந்தீங்கன்னா எஞ்சின் போயிரும்."

சொல்லி முடித்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். கொடைக்கானலுக்கு வந்த அத்தனை பேருக்கும் சொன்னதை நமக்குச் சொல்ல மறந்தேனே! மலைக்காற்றுக்கு என்று எடுத்த பெரிய டர்போ, கீழே கெட்டிக் காற்றை வாரித் திணித்து எஞ்சினைக் கொன்றுவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அன்றே சாலையைக் கடந்து வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். முதலில் வெட்கம், பிறகு பட்டறையின் பேர், அப்புறம் 'இவ்வளவு நாள் கழித்து எப்படி' என்கிற பயம். இதற்குள் நீ டாக்ஸியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, காய்கறி மண்டியில் மூட்டை தைக்கப் போனாய். ஊசி முனை மேல் கார் ஓட்டச் சொன்னாலும் ஓட்டுகிற ஆள் நீ. உனக்கு உன் கால் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. "அவரு பஸ்ஸுல போறப்பகூட டிரைவர் பக்கம் பாக்குறதில்லண்ணே" என்று உன் வீட்டுக்காரி அழுதது. நான் தலையைக் குனிந்துகொண்டு டீயை ஆற்றினேன். அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் நீ உயிரோடு இருந்தாய், தினமும் ஒரு டீயாவது சேர்ந்து குடித்தோம்.

உன் காலில் ஒரு குற்றமும் இல்லை, மாப்ளே. இதை இப்போது எழுதி என்ன பிரயோசனம்? கல்லறைத் தோட்டத்தில் பனியில் கிடக்கிறாய், நான் தாளில் வீரம் பேசுகிறேன்.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாய்: "அந்த மூணாவது ரவுண்டுல... நான் கொஞ்சம் காலை எடுத்திருக்கணும்லப்பா?"

சொல்வதற்கு எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆமாப்பா" என்றேன்.

நீ தலையை ஆட்டிக்கொண்டாய். அந்த 'ஆமா'வை வைத்துக்கொண்டுதான் தினமும் பட்டறையைத் திறக்கிறேன்.