நாற்காலியிடம் மன்னிப்பு

அன்புள்ள மனைவிக்கு,

1. மார்ச் 3: விட்பி முதியோர் இல்லத்தில் என் அம்மா நாற்காலியில் இடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா, வலிச்சுதா?" என்று அதனிடமே கேட்டதை நீ பார்த்தாய்.

2. செப்டம்பர் 14: உன் புதிய தொலைக்காட்சித் தொடரில், மறதி பிடித்த கிழவியாக வந்து, அதே சொற்களை ஒரு நாற்காலியிடம் சொன்னாய். படப்பிடிப்பு அரங்கிலிருந்த பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

3. அக்டோபர் 5: அந்தப் பாத்திரம் முழுவதும் உன் கற்பனை என்று பேட்டியளித்தாய்.

நேற்று இல்லத்துக் கூடத்தில் அம்மாவோடு மறுஒளிபரப்பைப் பார்த்தேன். தேநீர் கொண்டுவந்த பணிப்பெண் பிரெண்டா, "பாருங்கம்மா, உங்க மருமக டிவியில!" என்றாள். அம்மாவுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. "பாவம்டா, அந்தம்மா மரியாதையாத்தானே பேசுறாங்க? எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சர்க்கரை ஆகாது, அதில் கலக்க ஒன்றுமில்லை என்பது உனக்குத் தெரியும்.

பிறகு எழுந்து நடந்தபோது அம்மா மறுபடியும் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் உனக்கு இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு தொடங்குகிறது. அதற்குமுன் எனக்கு ஒரு பதில் வேண்டும். ஞாயிறுதோறும் நீ அம்மாவைப் பார்க்க வந்தது மருமகளாகவா, நடிகையாகவா?

தொலைபேசியில் சொல்லாதே. உன் குரல் எதைச் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். நவம்பர் 20 மாலைக்குள் உன் கைப்பட எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் கணவன்