அப்பா பெயரில் வந்த பதக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், உன் அப்பா நேற்றுவரை சுகத்துக்கும் கொஞ்சம் மேலேயே இருந்தார். நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாலும் குரல் கட்டியிருந்தது, வெந்நீர் குடி. பேசிவிட்டுப் போகாமல் இதென்ன கடிதம் என்று நினைக்காதே. நான் போனை எடுத்தாலே உன் அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், அந்தத் தொட்டியில் செடி செத்து ஒரு வருஷம் ஆகிறது.

பதக்கத்தைத் திருப்பி அனுப்பு, பெயரைச் சரியாகப் பொறித்தால்தான் விழாவில் என் கையில் கொடுப்பார்கள் என்று நீ கெஞ்சிக்கொண்டே இருந்தாய், நானும் இன்று நாளை என்று சாக்குச் சொன்னேன். காரணத்தைக் கேள். மேடையில் கொடுக்க வேண்டியதைத் தபாலில் அனுப்பியதே அந்த விருதுக் கமிட்டிக்காரர்கள் செய்த முதல் கோளாறு, அதையும் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு அனுப்பியது இரண்டாவது. நீ இருக்கிற அந்த வெளிநாட்டில் ஆளின் பெயருக்கு மதிப்பில்லை, கடைசியில் நிற்கிற பெயருக்குத்தான் மரியாதை போலிருக்கிறது. உன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் நிற்பதால் அவர் பெயரை முழுசாகப் பொறித்து, உன்னை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி ஒரு புள்ளியும் வைத்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அவர் உனக்கு இனிஷியல், இப்போது நீ அவருக்கு இனிஷியல். போதாததற்கு உன் பெயரின் முதல் எழுத்தும் உன் தாத்தா பெயரின் முதல் எழுத்தும் ஒன்று. ஆக உன் அப்பா சம்பளம் வாங்கும்போது கையெழுத்துப் போடுகிற பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் வேதியியல் சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இவரும் நான்தான் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சும்மா காட்டிவிட்டு வருகிறேன் என்று தன் பஸ் டிபோவுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் நான் காய் வாங்கப் போனால் டிபோ வாசலில் பேனர் தொங்குகிறது. நம் டிபோ தந்த விஞ்ஞானி என்று போட்டு, அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாரே அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கையில் புகை வருகிற குடுவை ஒன்றையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். விசில் ஊதி பஸ்ஸை அனுப்புகிற டைம் கீப்பர் எப்போது இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அவர் யோசனையாகத்தான் இருப்பார் என்று கேன்டீன்காரர் சாட்சி சொல்கிறார். தூங்கி வழிவதை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. கீழ் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டது என்று வந்தார், கண்டக்டர் மனைவி கரிந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒரு டிரைவர் முடி கொட்டுகிறது என்று தலையைக் குனிந்து காட்டினார். உன் அப்பா எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் சொன்னார், நல்லா ஊறப் போடுங்க என்று. பாத்திரம் சுத்தமாகிவிட்டது, தொட்டியும் எப்படியோ திறந்துகொண்டது, டிரைவர் மட்டும் தலையை வாளியில் ஊறப்போட்டு ஜலதோஷம் பிடித்து லீவில் இருக்கிறார். அவரும் பலன் தெரிகிறது என்றுதான் சொல்கிறாராம்.

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். நீ குளியலறையில் எதையோ கலந்து அவருடைய நல்ல பேண்ட்டில் ஓட்டை போட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் கெமிஸ்ட்ரி என்ற வார்த்தையே வரக் கூடாது என்றவர் இவர். நீ அதைத்தான் படிப்பேன் என்று நின்றபோது சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டு, என்னை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாட விட்டவர். அந்த மனுஷன் உன் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். கழற்றி வையுங்கள் என்றால் இருக்கட்டும் என்கிறார்.

போன வாரம் டிபோவில் பாராட்டு விழா. பழுது பார்க்கிற கொட்டகையில் இரண்டு பஸ்ஸை ஓரம் கட்டி மேடை போட்டார்கள், என்னை முன் வரிசையில் உட்கார்த்தி வைத்தார்கள், கிரீஸ் வாடையில் எனக்குத் தலைவலி. உனக்குப் பாடம் எடுத்த கெமிஸ்ட்ரி வாத்தியார்தான் சிறப்பு விருந்தினர். அவராவது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தால், அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு மூளை எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் உன் அப்பாவைப் பேசச் சொன்னார்கள். வசமாக மாட்டினார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், இது நான் வாங்குனது இல்ல, என் பொண்ணு வாங்குனது, தண்ணிக்குள்ளயும் ஒட்டுற பசையை அவதான் கண்டுபிடிச்சா, இந்தப் படிப்பே வேணாம்னு சோறு திங்காம கெடந்தவன் நான், அவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசாம கெளம்பிப் போனா, நான் பண்ணுனதுக்கு என் பேரையே அவ தூக்கிப் போட்டிருக்கணும், ஆனா பதக்கத்துல என் பேரைப் போட்டு அனுப்பியிருக்கா என்று. கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜர் மைக்கைப் பிடுங்கி, பெரிய விஞ்ஞானிங்கன்னா இப்படித்தான், புகழை எல்லாம் பெத்த பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க என்றார். அதற்கும் கைதட்டினார்கள். உன் அப்பா இல்லை இல்லை என்று கையை ஆட்ட ஆட்டக் கைதட்டல் கூடியதே தவிர ஒருவரும் நம்பவில்லை.

எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது, அதற்குப் பதில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நீ வேண்டுமென்றே அவர் பெயரைப் போடச் சொன்னாய் என்றல்லவா அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு பக்கம் நீ, இத்தனை வருஷம் ஒழைச்சு என் பேரு எங்கயுமே இல்லம்மா என்று போனில் அழுதாய். பதக்கத்தை அனுப்பினால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும், அனுப்பாவிட்டால் உனக்கு விழாவில் ஒன்றுமில்லை. ஆனால் உழைத்தவள் நீ, உன் பெயர்தான் அதில் இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் போடச் சொல்லவில்லை, அங்கே பெயர் எழுதுகிற வழக்கம் அப்படி, அவளுக்கே அது பிடிக்கவில்லை என்றேன்.

பதக்கத்தைக் கழற்றினார். அப்ப அவ என்னை மன்னிக்கலையா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், எனக்குத் தெரியாதுதானே. இன்று காலையில் அவரே பஞ்சு வைத்துப் பொதிந்து, அவரே தபாலாபீஸ் வரிசையில் நின்று அனுப்பிவிட்டு வந்தார், ரசீது என்னிடம் இருக்கிறது. டிபோவில் இதற்குள் செய்தி பரவி, விருதையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மாமனிதர் என்று இன்னொரு பேனர் அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். அவர் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை, போய்ப் படுத்துக்கொண்டார்.

பதக்கம் கைக்கு வந்ததும் உன் பெயர் முழுசாக இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்து வாங்கு. விழாவுக்குக் கசங்கிய சட்டையோடு போய் நிற்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். மன்னித்துவிடு என்று நான் உன்னைக் கேட்க மாட்டேன், அன்றைக்கு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது உன் முகம் இருந்த இருப்பு எனக்கு மறக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். போனில் உன் அப்பா அங்க மழையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார், நீயும் மழைதான் இல்லைதான் என்று சொல்லி முடித்துவிடுவாய். இந்தத் தடவை கேட்டால் அவர் கேட்பது மழையை இல்லை. உன் மனதில் எது இருக்கிறதோ அதை அவரிடமே சொல், என்னிடம் சொல்லி அனுப்பாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா