நடுவில் உட்கார்ந்த அண்ணிக்கு

அண்ணி,

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஸ்ஸில் சில்லறை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். விரலில் நறுக்கென்று குத்தியது உங்கள் பாக்குவெட்டி. செத்துப் போய் மூன்று மாதம் ஆகிறது, இன்னும் என்னைக் குத்தாமல் இருக்க முடியவில்லை உங்களால். காரியம் முடிந்த அன்று உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அக்கா உனக்குன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றார். நல்ல சீதனம்!

நானும் அவரும் மட்டுமாகப் பாண்டிக்குப் போவது இதுதான் முதல் தடவை. ஹனிமூனுக்குப் போனபோது மூன்று பேர். ஊர் உலகத்தில் எவளாவது நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஹனிமூன் போயிருக்கிறாளா? "புதுப் பொண்ணு மாப்பிள்ளைய தனியா அனுப்பக் கூடாது, காத்துக் கருப்பு அண்டும்" என்று முந்தின நாளே புடவையை எடுத்து வைத்துவிட்டீர்கள். விடிந்ததும் இந்தப் பாக்குவெட்டியை என் கையில் திணித்தீர்கள். "இரும்பு கைல இருக்கணும். கீழ வைக்காத." பூ வைத்து, பட்டுப் புடவை கட்டி, கையில் பாக்குவெட்டியோடு நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் நீங்கள், சிவபூசையில் கரடி.

அந்த ஒரு நாள் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாது. விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவரிடம் அதைக் கேட்க வேண்டும். நம் வீட்டில் கேட்க முடியுமா? கூடத்தில் மூச்சு விட்டால் அடுப்படியில் உங்களுக்குக் கேட்கும். அதனால்தான் பாண்டி, பாண்டி என்று நச்சரித்தேன். கடற்கரையில் பத்து நிமிஷம் தனியாகக் கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

மணக்குள விநாயகர் கோவிலில் யானை எங்கள் தலையில் தும்பிக்கை வைத்தபோதுகூட நடுவில் உங்கள் தலைதான் இருந்தது. மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கும் வெள்ளைக்காரத் தெருவில் நடக்கையில், "என்னங்க, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "என்னா விஷயம்?" என்றீர்கள் நீங்கள்.

நோணாங்குப்பம் படகுத்துறையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து மிதிக்கிற படகு இருந்தது. எனக்கு உயிர் வந்தது. டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. காலைத் தூக்கி வைக்கப் போனேன், முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"புதுப் பொண்ணு தண்ணி தாண்டக் கூடாது."

"பஸ்ஸுல பாலத்த தாண்டித்தான அண்ணி வந்தோம்?"

"வாய் ரொம்ப நீளமா இருக்கே உனக்கு. டிக்கெட்டு வீணாவ வேணாம், நான் போறேன்."

போனீர்களே! அக்காவும் தம்பியும் ஆற்றில் மிதித்துக்கொண்டு போக, புதுப்பெண் நான் கரையில் பாக்குவெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கடலை விற்றவர், "உன் வூட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். நான் படகைக் காட்டினேன். அவர் படகையும் உங்களையும் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

சாயங்காலம் பீச்சில், கருங்கல் பாறைகளுக்கு மேலே இருந்த கட்டைச் சுவரில், மறுபடியும் நடுவில் உட்கார்ந்தீர்கள். சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். "மாசி மகத்துக்கும் அமாவாசைக்கும் தவிர கடலத் தொடக் கூடாது. இப்ப இருக்கற கடல நம்பவே கூடாது" என்று எனக்கு மட்டும் சொன்னீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ். எனக்குள் என்னவோ அறுந்தது. பாக்குவெட்டியை வீசி எறிந்தேன். பாறையில் பட்டுத் தெறித்து, அலை அடிக்கிற இடுக்கில் விழுந்தது.

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு பாறையில் இறங்கினீர்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஓடிவந்து, "யம்மா, எறங்காத, ஏறு மேல!" என்று கத்தினார். நீங்கள் காதில் வாங்கவில்லை. உங்கள் தம்பியும் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். என் வேலை விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை..." என்றார்.

"நான் அக்காவையா கட்டிக்கிட்டேன்?"

அவர் கீழே உங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போ. ஆனா நான் போவச் சொன்னேன்னு அதுகிட்ட சொல்லிடாத."

நீங்கள் மேலே வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தீர்கள், முட்டியில் ரத்தம். பாக்குவெட்டியை முந்தானையில் துடைத்து என் மடியில் வைத்தீர்கள். "இரும்பத் தூக்கிப் போட்ட கை, நாளைக்கு என் தம்பியயும் தூக்கிப் போடும்" என்றீர்கள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து நான் உங்களுக்கு அடங்காப்பிடாரி. புருஷன் பேச்சைக் கேட்காதவள் என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். என் சம்பளத்தில் வாங்கிய மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டே சொன்னீர்கள். அவர் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்வார். கொடுத்த வாக்குக்காக நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: போகச் சொன்னது உங்கள் தம்பிதான். தாயில்லாப் பிள்ளை என்று நீங்கள் தூக்கி வளர்த்த அதே தம்பிதான். உங்களுக்குப் பயந்து என்னை முன்னால் தள்ளிவிட்டார். அவரை விட்டுவிட்டு இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம்.

உங்களுக்காக நான் அழவில்லை. வந்தவர்கள் கவனித்தார்கள், பேசினார்கள், பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதே கட்டைச் சுவருக்குப் போனோம். கடலுக்கு முன்னால் மணல் போட்டுப் புதுக் கரை வந்திருக்கிறது, காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. நான் உட்கார்ந்தேன். உங்கள் தம்பி வந்து, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவருக்கே தெரியாது. பழக்கம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து போயிருப்பேன். நகர்ந்து பக்கத்தில் உட்காரலாமா என்றும் ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு கைப்பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன், பாக்குவெட்டியோடு.

"உட்காருங்க அண்ணி" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.