ஆள் வந்தால் வைத்துவிடலாம்

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடையும் நலம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே ஒன்பது சொல்வாய், நான் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

உன் அம்மா இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும், வருகிறேன் என்றாள். கழுத்து நின்றுவிட்டது, இப்போது தவழட்டும் என்கிறாள். இப்படியே போனால் அது பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் வருவாள் போலிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, அக்காவுக்கு இப்போது அவள் வேண்டும். வீட்டில் நான் மட்டும், ஒரு தட்டு ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. கூடத்தில் டிவியை ஓடவிட்டுவிட்டுச் சமையல்கட்டில் நிற்கிறேன், யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. கடையும் அப்படித்தான். தெருமுனையில் அந்தப் பெரிய கடை வந்த பிறகு ஜனங்கள் பூட்டையும் குழாயையும் தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்கே கிடைக்காத ஒற்றைத் திருகாணிக்குத்தான் என்னிடம் வருகிறார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர், நீ சின்ன வயதில் ‘அவசரம்’ என்று பெயர் வைத்தாயே, அவசரமாகத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியே மாசக்கணக்கில் இழுப்பவர், அவர் நேற்று எட்டிப் பார்த்து, என்னண்ணே ஈ ஓட்டுறீங்களா என்று கேட்டார். ஈயும் பெரிய கடைக்குப் போயிடுச்சுப்பா, அங்கதான ஏசி இருக்கு என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அவர் கடையிலும் ஆள் இல்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அழாத மாதிரி குரலை வைத்துக்கொண்டு சொன்னதை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். கடல் தாண்டி மேல்படிப்புக்குப் போன இடத்தில், பேராசிரியருக்கு உதவியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் விளக்கி விடைத்தாள் திருத்துகிற வேலை உனக்கு. ஒரு பையன் வந்து இரண்டு மார்க் கூடப் போடச் சொல்லிக் கெஞ்ச, போனால் போகிறது ஒன்று போடுகிறேன் என்று நீ முடித்திருக்கிறாய். மறுநாள் உன் அறை வாசலில் வரிசை. வந்தவன் எல்லாம் ஐந்து கேட்க, நீ மூன்றில் முடித்து அனுப்பியிருக்கிறாய். மன்னித்துக்கொள், இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரம் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசியிருக்கிறாய், என் மகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பிறகு பேராசிரியர் கூப்பிட்டு, இது என்ன சந்தையா என்று கேட்கவும், ரோஷம் வந்து கூட்டிப் போட்ட மார்க்கை எல்லாம் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டாய். இப்போது சந்தேகம் கேட்கக்கூட ஒருத்தரும் வருவதில்லை, அந்தக் கீழ்த்தள அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாய். எனக்குக் கடைக்காரப் புத்திதான்ப்பா, படிப்ப விட்டுட்டு வந்து உங்களோட கடையிலேயே உக்காந்துடறேன் என்றாய்.

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரப் புத்தியை நீ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நடைபாதையில் சாக்கை விரித்துப் பூட்டு விற்ற நாளிலிருந்து நான் பேரம் பேசுகிறேன், ஆனால் விலையில்தான் பேசுவேன், அளவில் பேசியதில்லை. அரை அங்குலக் குழாயை யாராவது கெஞ்சினார் என்பதற்காக முக்கால் அங்குலம் என்று சொல்ல முடியுமா? மார்க் அளவு, விலை இல்லை. அதில் ஏற்றியதும் தப்பு, ஆத்திரத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி இறக்கியது அதைவிடத் தப்பு. ஒரு பெண்ணின் கணக்கு நிஜமாகவே சரி, வழிதான் வேறு, அவளுடையதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய் பார், ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாயே, அதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் பேராசிரியரிடம் போய் அந்த ஒரு தாளை மட்டும் காட்டு. பிறகு அவளைக் கூப்பிட்டு, நான்தான் தப்பாப் பாத்துட்டேன் என்று நேராகச் சொல். சாக்குச் சொல்லாதே, சுற்றி வளைக்காதே. மற்றவர்கள் வருவார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம்.

அடுத்தது, கடையில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டது. இதில் என்னிடம் யோசனை கேட்காதே, ஏனென்றால் எனக்கு இதில் லாபம் இருக்கிறது. நீ சொன்ன மறுநாள் காலை நான் என்ன செய்தேன் தெரியுமா, கல்லாவுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே அந்த ஸ்டூல், அதன் மேல் அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களை இறக்கித் துடைத்து வைத்தேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. சரக்கு தன்னிடம் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் சொல்கிற விலையை நம்பக்கூடாது. அதனால் டப்பாக்களைத் திரும்ப ஏற்றிவிட்டேன். படிப்பு பிடிக்காமல் வருகிறாய் என்றால் வா, கதவு திறந்திருக்கிறது. அறையில் ஆள் இல்லை என்று வராதே. இங்கேயும் ஆள் இல்லை.

இன்னொன்று. உனக்குக் காலை, எனக்குச் சாயங்காலம், அந்த நேரத்தில் தினமும் பேசுகிறோம். பேச்சு ஓய்ந்ததும் நீ, பையன் வந்துட்டான்ப்பா வைக்கிறேன் என்கிறாய். எனக்குக் காலடிச் சத்தமும் கேட்டதில்லை, நாற்காலி இழுக்கிற சத்தமும் கேட்டதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் கஸ்டமர் வந்துட்டாரும்மா என்று சொல்லித்தானே வைக்கிறேன். இனிமேல் அது வேண்டாம். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேச வேண்டாம், போனை மட்டும் துண்டிக்காமல் மேஜை மேல் அப்படியே விட்டுவிடு. நீ தாள் திருத்து, நான் ஆணி பிரித்துப் போடுகிறேன், நீ பக்கம் திருப்புகிறது எனக்குக் கேட்கட்டும். உனக்கோ எனக்கோ நிஜமாகவே ஆள் வந்தால் வைத்துவிடலாம்.

நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியவேண்டும், மனசு தெளிந்து நூறு வயது இருக்கவேண்டும். அந்தப் பெண்ணிடம் பேச மறந்துவிடாதே. போனை முழுக்க சார்ஜ் போட்டு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து,
உன் அப்பா