கண்ணாடியை விட்டு விலகிய வேர்

இன்று காலை வீட்டு ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி பொருத்தினார்கள். விளிம்பில் அப்பிய பட்டிப் பசையின் எண்ணெய் வாசனை வந்ததுமே, செய்யூரில் உன் கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டேன், நண்பா.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேளாண்மை மேற்படிப்பில் இருந்தேன். நெல் வேர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது என் ஆராய்ச்சி. முன்பக்கம் கண்ணாடி வைத்த மரப்பெட்டி வேண்டுமென்று கேட்டேன். "வேர் ஓடறத கண்ணால பாக்கலாமா மச்சான்? அப்போ எங்க கொல்ல மண்ணையே போடு" என்றாய்.

உங்கள் கொல்லை நிலத்தில் புழுதியில் விதைத்த அதே நெல்லைப் பெட்டியிலும் போட்டோம். ஒரு மழையில் இரண்டும் முளைத்தன. பிறகு வானம் பொய்த்தது. நிலத்தில் ஒரு சாணுக்குக் கீழேதான் ஈரம். பயிர் காய்வதற்குள் வேர் அங்கே போய்ச் சேருமா என்பதே கேள்வி. உன் அப்பாவோ சுருண்ட இலைகளைப் பார்த்து, எல்லாவற்றையும் உழுதுவிட்டு வேர்க்கடலை போட டிராக்டருக்குச் சொல்லிவிட்டார்.

வேருக்கு வெளிச்சம் ஆகாது என்று பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன். மாலையில் மட்டும் விலக்கி, வேர் நுனி நிற்கும் இடத்தில் கண்ணாடிமேல் மையால் கோடு போடுவேன். நாளுக்கு ஒரு விரற்கடை போல இறங்கியது. திடீரென்று ஒரு நாள் கோடு நகரவில்லை. மறுநாளும் அப்படியே.

"நின்னுபோச்சி இல்ல? உழுதுட வேண்டியதுதான்" என்றார் உன் அப்பா.

நீ தலையைச் சொறிந்தாய். "நைனா, நான் மத்தியானத்துல அப்பப்போ தொறந்து பாத்துகினு இருந்தேன்." எனக்கு வந்த கோபத்தில் உன்னை ஒரு அறை விட்டிருப்பேன். நீ அதற்குள் சுத்தியலை எடுத்து, நீயே அறுத்துப் பொருத்திய கண்ணாடியை உடைத்துவிட்டாய். மண்ணைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கரைத்தோம். வேர் நிற்கவே இல்லை. வெளிச்சத்துக்குப் பயந்து உள்பக்கமாகத் திரும்பி, ஒரு சாணையும் தாண்டி இறங்கியிருந்தது. அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "டிராக்டர் வாணாம்னு சொல்லிடு" என்றார்.

அந்த வாரமே, மழை இல்லாமலே, உச்சி வெயிலிலும் உங்கள் பயிரின் இலைகள் விரிந்து நின்றன. நீ வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய். எனக்கும் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு எது நின்றுவிட்டதாக யார் சொன்னாலும் நான் சட்டென்று நம்புவதில்லை. அந்தப் பழக்கம் உன்னால் வந்தது. உன் மூச்சு நின்றுவிட்டது என்று உன் தம்பி போனில் அழுதபோதும், நான் கேட்டது ஒன்றுதான்.

"நல்லா பாத்தீங்களா?"